பழைய கன்சோல்களில் கோல்ஃப்: நிஜ ஆட்டத்திற்கு மிக அருகில் நின்றது எது?

வடசேரிக்காரன் (இழையைத் தொடங்கியவர்):

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கோல்ஃப் மைதானம் கிடையாது. அருகில் என்று பார்த்தால் திருவனந்தபுரம் கவடியாரில் இருக்கும் பழைய ஒன்பது குழி மைதானம்தான். அதற்குள்ளும் நம்மில் பெரும்பாலோர் கால் வைத்திருக்க மாட்டோம். இருந்தும் 1990களில் நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ டிவி கேம் இருந்த வீட்டில் வளர்ந்த பலருக்குப் பார் (ஒரு குழிக்குக் குறித்த அடிகள்), பேர்டி (அதற்கு ஓர் அடி குறைவு), போகி (ஓர் அடி கூடுதல்), பங்கர் (மணற்பள்ளம்) ஆகிய சொற்கள் பழக்கமானவை. பல விளையாட்டுகளை ஒன்றாக அடைத்து விற்ற கேசட்டுகளின் நீண்ட பட்டியலில் ‘கோல்ஃப்’ என்றும் ஒரு வரி இருந்ததுதான் அதற்குக் காரணம். காண்ட்ராவும் மரியோவும் சலித்த மழை நாட்களில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தவர்கள் உண்டு. அவர்களில் பலர் இரண்டாவது அடியிலேயே பந்தை நீரில் விட்டுவிட்டு ரீசெட் பொத்தானை அழுத்தியிருப்பார்கள். அழுத்தாமல் தொடர்ந்தவர்களுக்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பழைய வீட்டுக் கன்சோல்களில் வந்த கோல்ஃப் விளையாட்டுகளில் எது நிஜ ஆட்டத்திற்கு மிக அருகில் நிற்கிறது என்பதே என் கேள்வி. படத்தின் அழகை அளவுகோலாகக் கொள்வதை நான் ஏற்கவில்லை. பந்தை அடிப்பதற்கு முன் ஆட்டக்காரரை எத்தனை முடிவுகள் எடுக்க வைக்கிறது, அந்த முடிவுகளுக்கு எவ்வளவு நேர்மையாகப் பலன் தருகிறது என்பதை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அந்த அளவுகோலில் 1984ஆம் ஆண்டு மே மாதம் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற கன்சோலுக்கு (நம் ஊர் டிவி கேம்கள் இதன் நகல்களே) வெளிவந்த நிண்டெண்டோவின் கோல்ஃபையே நான் முதலிடத்தில் வைப்பேன்.

அதன் நிரலை எழுதியவர் ஹால் லேபரட்டரி என்ற விளையாட்டு நிறுவனத்தில் இருந்த சதோரு இவாதா. பின்னாளில், 2002இல், நிண்டெண்டோவின் தலைவரானவரும் அவரே. 18 குழிகளையும் அவ்வளவு சிறிய நினைவகத்தில் அடக்க முடியாது என்று மற்ற நிறுவனங்கள் ஒதுங்கிய வேலையை அவர் ஏற்றுக்கொண்டு, தரவைச் சுருக்கும் முறையைத் தாமே எழுதி முடித்தார். நிரலுக்கு 16 கிலோபைட், படங்களுக்கு 8 கிலோபைட், ஆக மொத்தம் 24 கிலோபைட். இன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் ஒரு காலை வணக்கப் படம் இதைவிடப் பல மடங்கு பெரியது.

அந்தச் சிறிய இடத்திற்குள் அவர் வைத்தது மூன்று அழுத்தங்கள். முதல் அழுத்தத்தில் மட்டை பின்னால் போகத் தொடங்கும்; திரையில் உள்ள அளவியில் ஒரு கோடும் நகரத் தொடங்கும். இரண்டாவது வலுவை நிர்ணயிக்கும். திரும்பி வரும் கோடு குறியைத் தொடும் கணத்தில் மூன்றாவதை அழுத்த வேண்டும். சற்று முந்தினாலோ பிந்தினாலோ பந்து ஒரு பக்கமாக வளைந்துவிடும். பின்னர் வந்த கோல்ஃப் விளையாட்டுகளில் பெரும்பாலானவை இந்த அளவியை ஏதோ ஒரு வடிவில் எடுத்துக்கொண்டன.

எந்த மட்டை எவ்வளவு தூரம் போகும் என்பது திரையில் வராது. அது கையேட்டில் அச்சாகியிருந்தது. நம் கேசட்டுகளுக்கு ஏது கையேடு? ஒவ்வொரு மட்டையையும் அடித்துப் பார்த்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக் கற்க வேண்டியிருந்தது. நிஜ ஆட்டக்காரரும் தம் மட்டைகளின் தூரத்தை அப்படித்தான் கற்கிறார் என்பதால், இதைக் குறையாக நான் கருதவில்லை.

குளச்சல் கடற்கரை:

அண்ணாச்சி, உங்கள் அளவுகோல் சரி. ஆனால் காற்றைப் பற்றி ஒரு சொல் கூடச் சொல்லாமல் முதலிடத்தைக் கொடுத்துவிட்டீர்களே! கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கோல்ஃபில் காற்றுதான் பாதி ஆட்டம். 1984ஆம் ஆண்டு விளையாட்டில் ஓர் அம்புக்குறியும் ஓர் எண்ணும் இருக்கும். அதைப் பார்த்துக் குறியைச் சற்று நகர்த்தி அடித்தால் போதும். பந்து பறக்கும் நேரம் முழுவதும் காற்று எண்ணிப் பார்த்தது போல ஒரே சீராக இருக்கும். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று பார்த்தவர் எவரும் அதைக் காற்று என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கும் இடத்தில், தரையில் ஒரு வேகமும் மேலே வேறொரு வேகமும் இருக்கும். இடையிடையே வீச்சும் வரும்.

கடலோர மைதானங்களைப் போட்டிக்கு வைத்த விளையாட்டுகளை நான் அதனால்தான் விரும்புகிறேன். கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச்சில் உள்ள ஏழாவது குழி நூறு யார்டுகளைச் சற்றே தாண்டிய தூரம்தான். ஆனால் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த முனையில் இருப்பதால், காற்றைப் பொறுத்து எடுக்க வேண்டிய மட்டையே மாறிவிடும். 18ஆவது குழியில் இடப்பக்கம் முழுவதும் கடல். இந்த மைதானத்தை வைத்துப் பண்டாய் நிறுவனம் 1980களின் இறுதியிலும், டி அண்ட் இ சாஃப்ட் நிறுவனம் 1990களின் தொடக்கத்திலும் விளையாட்டுகளைக் கொண்டுவந்தன. இல்லாத தீவில் வரைந்த 18 குழிகளை விட, இருக்கிற ஒரு கடற்கரையை அளந்து எடுத்து வைப்பது மேலல்லவா?

தக்கலை டீச்சர்:

குளச்சல் தம்பி எழுப்பிய கேள்விக்கு இயற்பியல் பக்கத்திலிருந்து ஒரு விளக்கம் சொல்லலாம்.

கோல்ஃப் பந்து கல்லைப் போல எறிபாதையில் போவதில்லை. மட்டையின் முகம் சாய்வாக இருப்பதால் அடிபடும்போதே பந்து பின்னோக்கிச் சுழலத் தொடங்குகிறது. டிரைவர் என்ற நெடுந்தூர மட்டையால் அடித்த பந்து நிமிடத்திற்கு ஏறத்தாழ 2500 முறையும், வெட்ஜ் என்ற குறுந்தூர மட்டையால் அடித்த பந்து அதைப் போலப் பல மடங்கும் சுழலும். அந்தச் சுழற்சி பந்தின் மேல்பக்கக் காற்றை வேகமாக இழுத்துக் கீழே தள்ளுவதால், பந்துக்கு மேல்நோக்கிய விசை கிடைக்கிறது. இதை மேக்னஸ் விளைவு என்கிறோம். பந்தின் மேல் உள்ள சிறு குழிகள் காற்றின் இழுவையைக் குறைக்கின்றன. வழுவழுப்பான பந்தை அதே வேகத்தில் அடித்தால் அது மிகக் குறைந்த தூரமே போகும்.

எதிர்க்காற்று வீசும்போது, காற்றைச் சார்ந்த பந்தின் வேகம் கூடுவதால் இழுவையும் தூக்கும் விசையும் ஒருசேரக் கூடிவிடுகின்றன. பந்து உயரே எழும்பி, நின்று, செங்குத்தாக விழுகிறது. பின்காற்றில் இரண்டும் குறைகின்றன. ஆகவே எதிர்க்காற்று பறிக்கும் தூரம், அதே வேகமுள்ள பின்காற்று கொடுக்கும் தூரத்தை விட அதிகம். காற்றின் எண்ணைக் கூட்டிக் கழிக்கும் விளையாட்டில் இந்தச் சமமின்மை வரவே வராது.

ஆனால் 1984ஆம் ஆண்டு விளையாட்டின் மேல் இந்தக் குற்றத்தை முழுவதும் சுமத்தக் கூடாது. ஃபேமிகாமில் இருந்தது 6502 வகைச் செயலி. வேகம் ஏறத்தாழ 1.79 மெகாஹெர்ட்ஸ். அந்தச் செயலிக்குக் கூட்டல், கழித்தல் கட்டளைகள் உண்டு. பெருக்கல் கட்டளை கிடையாது. ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் பெருக்க வேண்டுமானால், மீண்டும் மீண்டும் கூட்டியோ, முன்கூட்டியே எழுதி வைத்த அட்டவணையைப் பார்த்தோதான் செய்ய வேண்டும். வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப மாறும் இழுவையை நொடிக்கு 60 முறை கணக்கிடுவது அதற்குப் பெரும் சுமை. எனவே காற்றை எளிமையாக்கியது சோம்பலால் அல்ல. இருந்த கருவியில் எதைத் தக்கவைப்பது, எதை விடுவது என்று தெரிந்தே செய்த தேர்வு.

வடசேரிக்காரர் சொன்ன முடிவுகளின் நேர்மை என்ற கருத்தை நான் ஏற்கிறேன். ஆனால் முடிவுகளின் எண்ணிக்கை மட்டும் போதாது; தவறான முடிவு எப்படித் தவறுகிறது என்பதும் நிஜத்தை ஒத்திருக்க வேண்டும்.

குழித்துறை 16பிட்:

டீச்சர் செயலியைப் பற்றிச் சொன்னதால் அடுத்த தலைமுறைக்கு வருகிறேன். டி அண்ட் இ சாஃப்டைக் குளச்சல் தம்பி ஒரே வரியில் கடந்துவிட்டார், அது நியாயமில்லை.

1989இல் ஜப்பானியக் கணினிகளுக்காக அந்த நிறுவனம் அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தைப் பலகோணங்களால் ஆன முப்பரிமாண நிலமாக உருவாக்கியது. 1991இல் அதை ஃபேமிகாமின் அடுத்த தலைமுறையான சூப்பர் ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்தார்கள். அதைத் தொடர்ந்து ஹவாயின் வையாலே, பெப்பிள் பீச், கற்பனையான விக்கட் 18 என்று வரிசையாக வந்தன. பந்து எங்கே நிற்கிறதோ அங்கிருந்து நிலம் எப்படித் தெரியும் என்பதை ஒவ்வோர் அடிக்கும் புதிதாகக் கணக்கிட்டு வரைவார்கள். மேடும் பள்ளமும் படத்தில் மட்டும் அல்லாமல் பந்தின் போக்கிலும் இருக்கும். மேலிருந்து பார்க்கும் தட்டையான வரைபடத்தில் விளையாடிப் பழகிய எங்களுக்கு, ஃபேர்வே (குழியை நோக்கிப் போகும் வெட்டிய புல்பாதை) என்பது சாய்வான நிலம் என்று முதன்முதலில் தெரிந்தது இதில்தான்.

இதற்குக் கொடுத்த விலை நேரம். சூப்பர் ஃபேமிகாமின் செயலி அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு காட்சியும் துண்டு துண்டாக, புல், மரம், நீர் என்று கண் முன்னே வரையப்பட்டு முடிய நொடிகள் ஆகும். 18 குழிகளை முடிப்பதற்குள் அம்மா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார். இந்தக் காத்திருப்பைக் குறையாகப் பலரும் சொல்வார்கள். எனக்கு அது அடுத்த அடியை யோசிக்கக் கிடைத்த இடைவெளி. நிஜத்திலும் அடித்துவிட்டு நடந்துதானே போக வேண்டும்?

அதற்குப் போட்டியாக இருந்த செகா மெகா டிரைவ் கன்சோலின் 68000 செயலி ஏறத்தாழ 7.6 மெகாஹெர்ட்ஸ் வேகம் கொண்டது. அதற்குப் பெருக்கல், வகுத்தல் கட்டளைகளும் உண்டு. 1991இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதற்குக் கொண்டுவந்த பிஜிஏ டூர் கோல்ஃபில் காட்சி மாறுவது விரைவாக இருக்கும். தொலைக்காட்சி ஒளிபரப்பைப் போல வடிவமைத்திருந்தார்கள். டூர் எனப்படும் தொழில்முறைப் போட்டித் தொடரின் நிஜமான மைதானங்களும் ஆட்டக்காரர்களும் அதில் உண்டு. குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையான கிரீனை அடைந்ததும் சாய்வைக் காட்டும் கட்டக்கோடுகள் திரையில் வரும்; அதைச் சுற்றிப் பார்த்து முடிவு செய்யலாம். இன்று எல்லா விளையாட்டிலும் இருக்கும் வசதிதான் என்றாலும், அன்று அதைப் பார்த்தபோது பட் அடிப்பது, அதாவது கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டுவது, தனிக் கலை என்பது உறைத்தது. நிலத்திற்கு டி அண்ட் இ, சமநிலைக்கு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்பதே என் தீர்ப்பு.

வேப்பமூடு விசிறி:

மூத்தோர் விவாதத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். 1996இல் நியோ ஜியோவுக்கு வந்த நியோ டர்ஃப் மாஸ்டர்ஸை இதில் சேர்ப்பீர்களா? அதை விட விறுவிறுப்பான கோல்ஃப் விளையாட்டை நான் ஆடியதில்லை.

குழித்துறை 16பிட்:

விறுவிறுப்பில் மறுப்பில்லை, தம்பி. ஆனால் அது நாணயம் போட்டு ஆடும் கடைக்காகப் பிறந்தது. ஆட்டக்காரரை விரைவில் எழுப்பி அனுப்புவது அதன் தொழில். இந்த இழையின் கேள்விக்கு அது விடையாகாது.

மார்த்தாண்டம் டிவி சர்வீஸ்:

எல்லோரும் செயலியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் நீண்ட காலமாகத் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுது பார்ப்பவன். எனவே திரையைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் ஆடிய விளையாட்டும் ஜப்பானியச் சிறுவன் ஆடிய விளையாட்டும் ஒன்றல்ல என்பது என் வாதம்.

இந்தியாவில் தொலைக்காட்சி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் இயங்கியது. நொடிக்கு 50 முறை திரை புதுப்பிக்கப்படும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் என்டிஎஸ்சி (NTSC) முறை; நொடிக்கு ஏறத்தாழ 60 முறை. பழைய விளையாட்டுகளில் எல்லா அசைவும் திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு படி நகர்வது போல எழுதப்பட்டவை. பால் முறைக்குத் தக்கபடி செய்து நம் ஊர்க் கடைகளில் விற்ற நகல் டிவி கேம்களில் அதே நிரல் ஓடும்போது, ஜப்பானில் ஐந்து நொடியில் முடிவது இங்கே ஆறு நொடி எடுக்கும். கோல்ஃப் அளவியும் அப்படியே மெதுவாக நகரும். ஜப்பானியச் சிறுவனுக்கு ஒரு படிக்கு 16.7 மில்லிநொடி கிடைத்தால், உங்களுக்கு 20 மில்லிநொடி கிடைத்தது. மூன்றாவது அழுத்தத்தைக் குறியில் நிறுத்துவது உங்களுக்குக் கொஞ்சம் எளிதாகவே இருந்திருக்கும்.

வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் கொண்டுவந்த கன்சோல்களின் கதை வேறு. அவற்றில் பல என்டிஎஸ்சி சமிக்ஞையைத் தருபவை. நம் ஊர்ப் பெட்டியில் போட்டால் படம் மேலும் கீழும் உருளும். பின்பக்கத்தில் இருக்கும் வி-ஹோல்ட் திருகியைச் சரிசெய்தால் படம் நிற்கும். ஆனால் நிறம் வராது, கறுப்பு வெள்ளைதான். மற்ற விளையாட்டுகளுக்கு அதனால் பெரிய நட்டமில்லை. கோல்ஃபிலோ ஃபேர்வே ஒரு சாம்பல், ரஃப் (ஓரத்து நீண்ட புல்) இன்னொரு சாம்பல், நீர் மூன்றாவது சாம்பல்! ‘பந்து புல்லில்தான் விழுந்தது, ஏன் ஓர் அடி தண்டம் போடுகிறது?’ என்று கன்சோலைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். கன்சோலில் கோளாறே இருக்காது. அதே வீட்டில் வளைகுடாவிலிருந்து வந்த பல்முறைத் தொலைக்காட்சி இருந்தால், இரண்டு சமிக்ஞைகளையும் நிறத்தோடு காட்டிவிடும். அந்தப் பெட்டி இருந்த வீட்டுப் பிள்ளைகள் கோல்ஃபில் தேர்ந்ததற்குத் திறமை மட்டும் காரணமல்ல என்று சொல்ல விரும்புகிறேன்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1984ஆம் ஆண்டு கோல்ஃபில் ஆட்டத்தைச் சேமிக்க வழியில்லை. மாலை நேர மின்னழுத்தக் குறைவில் ஸ்டெபிலைசர் டக்கென்று வெட்டினால், பதினான்காம் குழி வரை சேர்த்த கணக்கு போனது போனதுதான்.

வடசேரிக்காரன்:

மார்த்தாண்டத்து அண்ணன் சொன்னதற்குப் பிறகு என் வீட்டுச் சுற்றுவட்டாரச் சாதனைகளை எல்லாம் ஆறில் ஐந்தாகக் குறைத்துக்கொள்ள வேண்டுமா என்று தம்பிமார் கேட்கக்கூடும். குறைக்க மாட்டேன்.

டீச்சருக்கு ஒரு பதில். தவறு எப்படித் தவறுகிறது என்பது முக்கியம் என்றீர்கள். மூன்றாம் அழுத்தம் முந்தினால் ஒரு பக்கமும் பிந்தினால் மறுபக்கமும் பந்து வளைவது, மட்டையின் முகம் பந்தைச் சந்திக்கும் கணத்தில் மூடியோ திறந்தோ இருப்பதன் விளைவைத்தான் ஒத்திருக்கிறது. அதற்கும் மேலாக, முழு வலுவுக்குப் போனால் குறியைத் தொடும் கணம் பதற்றமாகிறது. அதனால் ஒரு மட்டை பெரிதாக எடுத்துக்கொண்டு முக்கால் வலுவில் அடிக்கும் பழக்கம் யாரும் சொல்லித் தராமலேயே நமக்கு வந்தது.

குழிகளின் வடிவமும் வலுவானது என்பதற்குச் சான்று உண்டு. 2006இல் நிண்டெண்டோவின் வீ கன்சோலுக்கு வந்த வீ ஸ்போர்ட்ஸில் இருக்கும் ஒன்பது கோல்ஃப் குழிகளும் 1984ஆம் ஆண்டு விளையாட்டின் குழிகளிலிருந்தே எடுக்கப்பட்டவை. கையை வீசி ஆடும் கன்சோலுக்கும் அந்தத் தட்டையான வரைபடம் போதுமானதாக இருந்தது.

கருங்கல் புல்தரை:

நான் இதில் அதிகம் எழுதுவதில்லை, வாசிப்பதோடு சரி. ஆனால் நம்மில் பெரும்பாலோர் நிஜ மைதானத்தில் கால் வைத்திருக்க மாட்டோம் என்று வடசேரித் தம்பி எழுதியதைப் பார்த்தவுடன் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. வளைகுடா நாடொன்றில் கோல்ஃப் மைதானத்தின் புல் பராமரிப்புப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தேன். நான் ஆடியதில்லை, ஆடுவதற்கு எங்களுக்கு அனுமதியும் கிடையாது. ஆனால் பிறர் ஆடுவதை நாள்தோறும் பார்த்தவன். எங்கள் அறையில் நகல் டிஸ்க்குகளும் ஓடும்படி சிப் போட்ட பிளேஸ்டேஷன் ஒன்று இருந்தது; வேலை முடிந்து வந்து அதில் கோல்ஃப் ஆடிய விசித்திரப் பிறவிகள் நாங்கள்.

உங்கள் விவாதம் முழுவதும் பந்து பறப்பதைப் பற்றியே இருக்கிறது. ஆனால் பார் 72 உள்ள மைதானத்தில், ஒவ்வொரு குழிக்கும் இரண்டு பட் என்று கணக்கு வைப்பதால், 36 அடிகள் கிரீனுக்கு உரியவை. கிரீன் என்பது நாங்கள் விடியுமுன் இருட்டில் போய் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் உயரத்திற்கு வெட்டும் புல். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். அது எங்கும் மாறாது. ஆனால் குழியின் இடத்தை நாள்தோறும் மாற்றுவோம். ஒரே இடத்தில் விட்டால் சுற்றிலும் மிதிபட்டுப் புல் செத்துவிடும். கிரீனின் வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்ற கருவி உண்டு. நடுவில் பள்ளம் உள்ள சிறு உலோகச் சட்டம்தான். அதில் பந்தை வைத்து மெதுவாக ஒரு முனையைத் தூக்குவார்கள். பந்து தானே உருண்டு போய் நிற்கும் தூரத்தை அடிக்கணக்கில் அளப்பார்கள். காலையில் வெட்டிய கிரீன் மாலையில் புல் வளர்ந்து மெதுவாகும். நீர் பாய்ச்சிய கிரீனில் பந்து விழுந்த இடத்தில் பதிந்து நிற்கும். காய்ந்ததில் துள்ளி ஓடும்.

இவற்றில் பெரும்பாலானவை நீங்கள் சொல்லும் பழைய விளையாட்டுகளில் இல்லை. முதல் குழியிலிருந்து கடைசிக் குழி வரை கிரீனுக்கு ஒரே வேகம். புல் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கிறது என்ற கணக்கும் இல்லை. எங்கள் பெர்முடா புல்லில் சாய்வின் திசையில் அடித்தால் பந்து ஓடும். எதிர்த்து அடித்தால் சட்டென்று நிற்கும். பெரிய பெரிய ஆட்டக்காரர்களே குழியின் விளிம்பைக் குனிந்து பார்த்து, எந்தப் பக்கம் புல் பழுத்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1997இல் கேம்லாட் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்குச் செய்த எவ்ரிபடீஸ் கோல்ஃப் பொம்மை போன்ற முகங்களோடு சிறுவர் விளையாட்டாகத் தெரியும். ஆனால் பட் அடிப்பதில் அது மோசமில்லை. மேட்டை நோக்கி அடிக்கும்போது வலுவைக் கூட்டுவதும், இறக்கத்தில் பந்தைத் தொடுவது போல மட்டும் அடிப்பதும் என்ற கணக்கு அதில் சரியாக வரும். இறக்கத்தில் ஒரு பட் தவறினால் பந்து குழியைத் தாண்டி எவ்வளவு தூரம் போகும் என்ற பயம் நான் மைதானத்தில் மற்றவர் முகத்தில் பார்த்த அதே பயம்தான். உங்கள் கேள்விக்கு என் விடை அதுவே. முகத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

தக்கலை டீச்சர்:

கருங்கல் அண்ணன் எழுதியதை மாணவர்களுக்கு உராய்வுப் பாடத்தில் வாசித்துக் காட்டலாம் என்று நினைக்கிறேன். ஸ்டிம்ப்மீட்டர் அளப்பது உருளும் உராய்வைத்தான்; அதைக் கணக்கில் சேர்க்கப் பெரிய கணினி தேவையில்லை, ஒரே ஓர் எண் போதும். காற்றைக் குறைத்ததற்குச் செயலியைக் காரணம் காட்டலாம். கிரீனின் வேகத்தை மாறாமல் வைத்ததற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

குளச்சல் கடற்கரை:

அப்படியானால் அந்தக் காலத்து வடிவமைப்பாளர்களில் பெரும்பாலோர் பந்து பறப்பதையே கோல்ஃப் என்று நினைத்துவிட்டார்கள் என்று சொல்லலாமா? ஜப்பானில் 1980களின் பொருளாதார ஏற்றத்தில் கோல்ஃப் சங்க உறுப்பினர் உரிமையே பங்குகளைப் போல வாங்கி விற்கப்பட்டது. சாதாரணச் சம்பளக்காரர் மைதானத்திற்குப் போவது அரிது. ஊருக்குள் வலைகட்டிய பயிற்சிக் கூடத்தில் பந்தை அடித்துத் திருப்திப்பட்டவர்களே அதிகம். அங்கே பட் அடிப்பதற்கு என்ன இருக்கிறது? ஃபேமிகாமில் அத்தனை கோல்ஃப் விளையாட்டுகள் குவிந்ததற்கும், அவற்றில் டிரைவர் அடிக்கே முதல் மரியாதை கிடைத்ததற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இரணியல் புதியவன்:

வணக்கம். நான் 2000க்குப் பிறகு பிறந்தவன். சித்தப்பா வீட்டு பிளேஸ்டேஷன் 2இல் டைகர் வுட்ஸ் வரிசை விளையாட்டுகளைத்தான் ஆடியிருக்கிறேன். அதில் அனலாக் குச்சியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடி விழும். குச்சி கோணலாகப் போனால் பந்தும் கோணலாகப் போகும். மூன்று அழுத்தத்தை விட இதுதானே நிஜத்திற்கு அருகில் இருக்கிறது? இன்னொரு சந்தேகம்: நீங்கள் சொல்லும் பழைய விளையாட்டுகளை எங்கள் எல்இடி டிவியில் ஆடிப் பார்த்தேன். அளவியைச் சரியாக நிறுத்தவே முடியவில்லை. நீங்கள் எல்லோரும் அவ்வளவு திறமைசாலிகளா, அல்லது என் கையில் கோளாறா?

வடசேரிக்காரன்:

தம்பி, குச்சி முறை உடலின் அசைவை ஒத்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டைவிரலால் இரண்டு சென்டிமீட்டர் தள்ளுவதில் முக்கால் வலு எது, முழு வலு எது என்று பிரித்தறிவது கடினம். பழகப் பழகக் கை தானாகவே நேராகத் தள்ளிவிடும்; அதன் பிறகு ஆட்டம் சலிக்கிறது. அளவியில் ஒவ்வோர் அடிக்கும் கண்ணும் விரலும் புதிதாக ஒன்றுசேர வேண்டும். நூறாவது குழியிலும் நடுக்கம் போகாது. கருங்கல் அண்ணன் சொன்ன எவ்ரிபடீஸ் கோல்ஃபும், அதே கேம்லாட் 1999இல் நிண்டெண்டோ 64க்குச் செய்த மரியோ கோல்ஃபும் அளவியை விடாமல் வைத்திருந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

உன் இரண்டாவது கேள்விக்கு மார்த்தாண்டத்து அண்ணன்தான் பதில் சொல்ல வேண்டும்.

மார்த்தாண்டம் டிவி சர்வீஸ்:

உங்கள் கையில் கோளாறு இல்லை, தம்பி. பழைய படக்குழாய்ப் பெட்டியில் சமிக்ஞை வந்த கணமே கோடு திரையில் வரையப்படும். எல்இடி பெட்டியோ வந்த படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றிய பிறகே காட்டும். அந்த வேலைக்குப் பெட்டியைப் பொறுத்து 100 மில்லிநொடி கூட ஆகலாம். ஒரு படி 16.7 மில்லிநொடி என்றால் அது ஆறு படிகள். நீங்கள் குறியில் பார்த்து அழுத்தும்போது கன்சோலின் கணக்கில் கோடு எப்போதோ தாண்டிப் போயிருக்கும்.

செய்ய வேண்டியவை இவை. டிவியின் பட அமைப்புகளில் கேம் மோடு இருந்தால் அதைப் போடுங்கள். அசைவை மென்மையாக்கும் வசதி, இரைச்சல் நீக்கும் வசதி இரண்டையும் அணையுங்கள். பழைய கன்சோலை மஞ்சள் ஏவி வயரில் நேராக இணைத்தால், பல எல்இடி பெட்டிகள் அந்தச் சமிக்ஞையைத் தவறாகப் புரிந்துகொண்டு இன்னும் தாமதமாக்கும். மரியோ கோல்ஃபை ஆட விரும்பினால், 2022இலிருந்து நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலின் கட்டணச் சந்தாவில் கிடைக்கிறது. எச்டிஎம்ஐ வழியாகப் போவதால் இந்தச் சிக்கல் குறைவு. எதுவும் உதவவில்லை என்றால், தாமதம் மாறாமல் இருக்கும் வரை கொஞ்சம் முந்தி அழுத்தப் பழகிக்கொள்ளலாம். கூடியும் குறைந்தும் வந்தால் அதுவும் பலிக்காது.

என் கடையில் 21 அங்குலப் படக்குழாய்ப் பெட்டி ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. விலைக்கு அல்ல, வந்து ஆடிப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை, மற்ற நாட்களில் மாலை ஆறு மணிக்கு மேல் வாருங்கள்.

கருங்கல் புல்தரை:

நான் வருகிறேன். பிளேஸ்டேஷன் என் பொறுப்பு. மெமரி கார்டை யாராவது கொண்டு வாருங்கள்.